வழி தெரியாத ஒரு மாதம்

1974ஆம் ஆண்டின் வசந்த காலம். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், தம் தாயார் வீட்டு அறையொன்றில் அமர்ந்து, கையில் அடங்கும் ஒரு மரப்பொருளைத் திருகிக்கொண்டிருந்தார் எர்னோ ரூபிக். வயது இருபத்தொன்பது. பயன்கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். தந்தை, எந்திரமின்றி மிதக்கும் கிளைடர் விமானங்களை வடிவமைத்த பொறியாளர், தாய் கவிஞர்.

அவர் புதிர் செய்யப் புறப்பட்டவரல்லர். சிறு கட்டைகள் பல ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கவேண்டும். ஆயினும் அவை இடம்பெயரவும் வேண்டும். அப்படியொரு பொருளைக் கட்ட இயலுமா என்பதே அவரை ஆட்கொண்ட கேள்வி. முதலில் ரப்பர் வளையங்களால் பிணைத்துப் பார்த்தார், பயன்படவில்லை. பின்னர், கட்டைகளே ஒன்றையொன்று உள்ளிருந்து பற்றிக்கொள்ளுமாறு அவற்றைச் செதுக்கினார். அசைவு கண்ணுக்குப் புலப்பட வேண்டுமென்று ஆறு முகங்களுக்கும் ஆறு நிறங்கள் தந்தார். சில முறை திருகினார். நிறங்கள் கலந்தன. பழைய நிலைக்கு மீட்க முனைந்தபோதுதான், வந்த வழி தமக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்தார்.

ரூபிக் கனசதுரத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இக்காட்சியைச் சொல்லிவிட்டு, உடனே விற்பனைக் கணக்குக்குத் தாவிவிடுவர். எனக்கோ அந்த அறையை விட்டு வெளியேற மனம் வருவதில்லை. பின்னாளில் அப்பொருளைக் கையிலெடுத்த கோடிக்கணக்கானோரில் எவருக்கும் வாய்க்காத ஒன்று அங்கே இருந்தது. விடை எங்கோ இருந்தாகவேண்டும், கலைத்தவர் அவரேயல்லவா? ஆனால் அதை மனிதரால் கண்டடைய முடியுமா என்பதை அவருக்குச் சொல்ல உலகில் ஒருவரும் இல்லை.

இந்த அச்சம் வீணானதன்று. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவை ஆட்டிவைத்த பதினைந்துக் கட்டைப் புதிரே சான்று. சதுரப் பெட்டிக்குள் எண்ணிட்ட பதினைந்து கட்டைகள், ஒரு காலி இடம். நகர்த்தி நகர்த்தி வரிசைப்படுத்த வேண்டும். நியூயார்க் மாநிலத்துக் கனஸ்டோட்டா என்ற ஊரின் அஞ்சலதிகாரி நாய்ஸ் சாப்மன் 1870களில் உருவாக்கியது. 1880இன் தொடக்க மாதங்களில் அது பெருந்தொற்றுப்போல் பரவியது. 14, 15 ஆகிய இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கும் நிலையிலிருந்து நேராக்க முயன்று எத்தனையோ பேர் உறக்கம் இழந்தனர். அது ஒருபோதும் இயலாது. பாதி அடுக்குகளிலிருந்து மறுபாதிக்கு வழியே கிடையாது என்பதை ஜான்சன், ஸ்டோரி என்னும் இரு கணித அறிஞர்கள் 1879இலேயே அமெரிக்கக் கணித ஆய்விதழில் நிறுவியிருந்தனர். (சாம் லாயிட் என்ற புதிர்க்கலைஞர், புதிரே தம்முடையது என்று 1891 முதல் உரிமை கொண்டாடியதும், தீர்ப்போர்க்கு ஆயிரம் டாலர் பரிசு என்று அறிவித்ததும் தனிக்கதை. கொடுக்க நேராது என்று தெரிந்தே அறிவித்த பரிசு!)

கனசதுரத்திலும் இந்தக் கண்ணி உண்டு. அதைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் பூட்டினால், பன்னிரண்டில் ஒரு பங்கு வாய்ப்பில்தான் அது தீர்க்கக்கூடியதாக அமையும். மூலைக்கட்டை ஒன்றை மட்டும் கழற்றித் திருப்பிச் செருகிவிட்டால், எந்த மேதையாலும் திருகிச் சரிசெய்ய முடியாது. நண்பர்மீது பழிதீர்க்க விரும்புவோர் குறித்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரிவன இருபத்தாறு கட்டைகள். மூலையில் எட்டு, விளிம்பில் பன்னிரண்டு, முகங்களின் நடுவே ஆறு. நடுக்கட்டைகள் தமக்குள் இடம் மாறுவதில்லை. எந்த முகம் எந்த நிறத்துக்குரியது என்பதை அவையே சொல்லும். ஒரு முகத்தைச் சரிசெய்வது பொறுமையுள்ள எவருக்கும் கைகூடும். துன்பம் அதன் பின்னரே. அடுத்ததைச் சரிசெய்ய வேண்டுமெனில், முடித்ததைக் கலைத்தாகவேண்டும். அரும்பாடுபட்டுச் சேர்த்ததைத் தன் கையாலேயே சிதைத்து, அது திரும்பி வரும் என்று நம்பி மேலும் சில முறை திருக வேண்டும். திரும்பி வருகிறது, இடையில் ஒரே ஒரு கட்டை மட்டும் வேறிடம் சேர்ந்திருக்கிறது. இப்புதிரின் இன்பம் முழுவதும் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது என்பேன். கடைசி நிறம் சேர்வது வெறும் சடங்கு.

ரூபிக்குக்கு இதை எட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மூலைகளை முதலில் ஒழுங்குபடுத்தி, பின்னர் ஒரு வேளையில் சில கட்டைகளை மட்டுமே இடம்மாற்றும் திருகல்வரிசைகளைத் தாமே கண்டறிந்து முன்னேறினார். முடித்ததும் தாயாரிடம் பெருமிதத்தோடு காட்டினார். அம்மையார் மகிழ்ந்தாராம், இனியாவது மகன் இதில் இவ்வளவு பாடுபட மாட்டான் என்ற நம்பிக்கையில்!

1977இன் இறுதியில் புடாபெஸ்ட் கடைகளுக்கு வந்த மாயக் கனசதுரம், 1980இல் ஐடியல் நிறுவனத்தின் வழியே ரூபிக்கின் பெயரோடு உலகெங்கும் சென்றது. மறு ஆண்டே ஜேம்ஸ் நார்ஸ் எழுதிய தீர்வு நூல் அமெரிக்காவில் அறுபது லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. விடுகதையை விடையோடு சேர்த்தே விற்ற வணிகம் அது. குறை சொல்லவில்லை; விடையின்றி அப்பொம்மை பல வீடுகளில் பரணுக்குத்தான் போயிருக்கும். ஆனால் சூத்திரத்தை மனனம் செய்து திருகுவோர் அடையும் இன்பம் வேறு வகையானது, விரல்களின் இன்பம். 1982 ஜூனில் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் என்ற இளைஞர் 22.95 வினாடியில் வென்றார். 2023இல் மாக்ஸ் பார்க் 3.13 வினாடியில் முடித்தார். வியக்கிறேன், பொறாமை எழவில்லை. என் பொறாமையெல்லாம் அந்த ஒரு மாதத்தின் மீதுதான்.

மொத்த நிலைகள் 43,252,003,274,489,856,000. இவற்றில் எதுவாயினும் இருபது திருகல்களுக்குள் தீர்க்கலாம் என்பது 2010இல் உறுதியாயிற்று. ஒரே கணினி செய்திருந்தால் முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்திருக்கும் அக்கணக்குக்கு, கூகுள் தன் கணினிகளை இரவல் தந்தது. அந்த இருபதும் தேவைப்படும் நிலைகளுள் ஒன்றை மைக்கேல் ரீட் 1995இலேயே காட்டியிருந்தார். அதில் எல்லாக் கட்டைகளும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. மூலைகள் எட்டும் சரி. விளிம்புக்கட்டைகள் பன்னிரண்டும் மட்டும், இருந்த இடத்திலேயே நிறம் புரண்டு நிற்கின்றன.