கெட்டியானது கேட்பவர்களுக்கு

டீசல் எஞ்சினில் கூடுதல் இழுவை வேண்டும் என்று வருகிற இளைஞர்கள், "இருக்கறதுலயே கெட்டியான ராடு பேரிங்கா போட்டுடுங்கண்ணே" என்பார்கள். நான் உடனே தலையாட்டுவதில்லை. கிராங்குக்கும் ராடுக்கும் நடுவே உட்காரும் இந்தச் சின்ன ஓட்டின் வரலாறு தெரிந்தவன் தலையாட்ட முடியாது.

1839-ல் அமெரிக்காவின் ஐசக் பேபிட் காப்புரிமை வாங்கியது மென்மையான உலோகம் உள்ளே ஊற்றிய பேரிங்குக்குத்தான். அவர் பெயராலேயே பேபிட் எனப்படும் அந்த உலோகக் கலவையில் பெரும்பங்கு வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. எண்ணெயோடு வரும் மணல்துகள் அதில் புதைந்துவிடும், கிராங்கைக் கீறாது. ஷாஃப்ட் சற்றே கோணலாக இருந்தாலும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும்.

1883-ல் லண்டனில் பியூசாம்ப் டவர், ரயில் அச்சு பேரிங்கை ஆராய்ந்தபோது நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும். பேரிங்கின் மேல்பக்கம் எண்ணெய்க்காகத் துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகாமல் துளை வழியே மேலே வழிந்தது. மரக்கட்டை வைத்து அடைத்தார். கட்டையை எண்ணெய் மெல்ல வெளியே தள்ளியது. பிரஷர் கேஜ் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது முள். பேரிங் தாங்கிய சராசரிச் சுமையோ 100 பவுண்டுதான்! இரும்பைச் சுமப்பது எண்ணெய்ப் படலம் என்பது அன்று தெரிந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். அப்படியானால் பேரிங் உலோகம் எதற்கு? ஸ்டார்ட் செய்யும் நொடிக்கும், அழுக்கு வரும் நேரத்துக்கும்.

ராடிலேயே பேபிட்டை உருக்கி ஊற்றி, உரசும் இடம் தெரியப் பிரஷ்யன் புளூ தடவி, சுரண்டிச் சேர்த்த காலம் நீண்டது. டீசல் அதைச் சோதித்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் அடி வாங்கிய தடித்த பேபிட், கோடையில் வற்றிய ஏரிமண் போல வெடித்துச் செதில் செதிலாகப் பெயர்ந்தது. மென்மையான உலோகத்தை மெல்லியதாக்கி, பின்னால் எஃகுத் தகடு கொடுத்தால் அது நெடுநாள் உழைக்கும். அந்த மெல்லிய ஷெல்லை அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து உரிமம் வாங்கிப் பிரிட்டனில் தயாரித்தார் டோனி வேண்டர்வெல். அந்த ஷெல்லின் 'தின்வால்' என்ற பெயரைத் தன் ஃபெராரி பந்தயக் காருக்கும் சூட்டினார். அவருடைய வேன்வால் அணி 1958-ல் ஃபார்முலா 1-இன் முதல் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. பேரிங் விற்ற காசில் வந்த வெற்றி. எனக்கு அதில் பெருமை உண்டு.

பிறகு எஃகின்மேல் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கு, அதன்மேல் நிக்கல் தடுப்பு, அதற்கும் மேலே 25 மைக்ரான் அளவில் மென்மையான பூச்சு என்று மூன்றடுக்கு ஷெல் நிலைத்தது. டர்போ வந்து அழுத்தம் ஏறியதும், வெற்றிடத்தில் அலுமினியம், வெள்ளீய அணுக்களைப் படியவைக்கும் ஸ்பட்டர் ஷெல் 1980-களில் வந்தது. அதிகச் சுமை தாங்கும். ஆனால் அழுக்கைப் பொறுக்காது.

ஆகவே பவர் ஏற்றிய டீசலுக்கு, வெடிப்பின் அடி விழும் மேல் ஓட்டுக்கு மட்டும் ஸ்பட்டர் போடுகிறேன். மூடிப்பக்கக் கீழ் ஓடு மென்மையாகவே இருக்கட்டும். அழுக்கை வாங்கிக்கொள்ள ஓரிடம் வேண்டும். அதற்குமுன் கிராங்கை அளந்து, எண்ணெய்த் துளைகளை பிரஷ் விட்டுக் கழுவியாக வேண்டும். இடைவெளி, ஜர்னல் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பொருத்தும்போது ஷெல்லின் முதுகில் பொறித்த எண்ணைப் பார்த்தே வையுங்கள். மேல் ஓடும் கீழ் ஓடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.