ரிஹ்லாவில் ஒரு மாசித் துண்டு

தாமிரபரணி தான் சுமந்துவந்த வண்டலாலேயே தன் துறைமுகங்களைத் தூர்த்த ஆறு. கொற்கை கடலை இழந்தது. அதன்பின் செழித்த பழைய காயலும் ஒடுங்கியது. புன்னைக்காயலையும் கடந்து வாணிபம் தூத்துக்குடியில் நிலைகொண்டது. இக்கரையின் பெருமை பேசுவோர் முத்தையே பேசுவர். அம்முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. ஆயின், முத்தைப் போலவே கடல் கடந்த வரலாறுடைய பொருள் ஒன்று இன்றும் நம் அடுக்களையில் இருக்கிறது. அதுவே மாசி.

சூரை மீனின் தலையையும் குடலையும் நீக்கி, சதையை நீளவாக்கில் அரிந்து, உப்பு நீரில் அவித்து, புகையூட்டி, பன்னாள் வெயிலில் உலர்த்தினால் அது மரக்கட்டை போல் இறுகிவிடும். பனிக்கட்டி இல்லாத காலத்தில் விரைவில் கெடும் மீனை நெடும்பயணத்திற்கு உரியதாக்கிய அறிவு இது. மாலத்தீவிலிருந்து தோணிகளில் வந்த மாசி, தூத்துக்குடியிலும் செய்யப்படுகிறது. காயல்பட்டினத்து இல்லங்களில் அதனை இடித்துச் சம்பலாக்குவர்.

மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1343, 1344ஆம் ஆண்டுகளில் மாலத்தீவில் தங்கிக் காழியாகவும் பணியாற்றினார். பின்னர் இலங்கை வழியே, அரபியர் 'மஃபர்' என்றழைத்த நம் கரைக்கும் வந்தார். தீவினர் ஒரு மீனை நான்காக அரிந்து, சிறிதே வேகவைத்து, ஓலைக் கூடையிலிட்டுப் புகையில் தொங்கவிடுவர் என்றும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் செல்லும் என்றும் தம் 'ரிஹ்லா'வில் குறித்துள்ளார். அம்மீனுக்கு அவர் எழுதிய பெயர் 'குல்புல் மாஸ்'.

உயிர்க்குறியின்றி எழுதினால் அதனைக் 'கல்புல் மாஸ்' என்றும் ஓதலாம். 'கல்பு' இதயம், 'மாஸ்' வைரம். மீனுக்கு ஏன் வைர நெஞ்சம் என்று நாம் நெடுநாள் மயங்கினோம். ஒருநாள் முதிய தோணிக்காரர் ஒருவரிடம் இதனைப் படித்துக் காட்டினோம். அவர் சிரித்தார். "ஆலிம்சா, மாலத்தீவில் மீனுக்கு 'மஸ்' என்று பெயர். கறுப்புக்குக் 'களு'. சூரையை அவர்கள் 'களுபிலமஸ்' என்பார்கள். நீங்கள் ஓதுவது நம் வீட்டு மாசியல்லவா?" என்றார்.

அகராதி திறவாத சொல்லை, எழுத்தறியாத ஒருவரின் நா திறந்தது. அன்றுமுதல் நாம் அகராதியை மட்டும் நம்புவதை விட்டோம். அத்தகைய தோணிக்காரர்கள் அருகி வருகின்றனர். நூல்கள் நூலகங்களில் நிலைத்திருக்கும். அவற்றுக்குப் பொருள் சொல்லும் நாவுகளோ நிலைத்திரா. மீனின் பெயரும் காற்றின் பெயரும் கருவாட்டின் பக்குவமும் அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டு எழுதிவைப்பது, கற்றவர்களாகிய நம்மீது உள்ள கடன்.