சித்தாள் ஏன் கொத்தனார் ஆவதில்லை? கட்டுமானத் துறையில் பெண்களுக்குக் கதவு திறந்தவர்களும், இன்னும் திறக்காத ஒரு கதவும்!

தாம்பரத்தையொட்டிய திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர் பக்கம் இன்றைக்கு எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீடாவது எழும்பிக்கொண்டிருக்கும். வாசலில் எம்-சாண்ட் குவியல், சுவரில் சாய்த்துவைத்த சாரக்கட்டைகள், உள்ளே ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், ஒரு பெரியாள், இரண்டு சித்தாள். இந்தக் கணக்கில் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சும்மாடு கட்டிய தலையில் கலவைச் சட்டியோடு ஏணியில் ஏறுகிறவர்தான் பெண்.

'கட்டுமானத் துறையில் பெண் தலைவர்கள்' என்ற பட்டியல்கள் மகளிர் தினத்தன்று நிறைய வரும். கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், பில்டர் நிறுவனங்களின் இயக்குநர்கள் அதில் இருப்பார்கள். இருக்க வேண்டியவர்கள்தான். ஆனா இந்தத் துறையில் இருக்கும் பெண்களில் ஆகப் பெரும்பான்மை சித்தாள்கள். அவர்களுக்காக யார் என்ன செய்தார்கள்? அது எங்கே வந்து நின்றிருக்கிறது? பார்க்கலாம்.

முதலில், சித்தாள் என்றால் என்ன?

சிறுமை + ஆள் = சிற்றாள். 'ற்ற' பேச்சில் 'த்த' ஆகும். காற்று காத்து ஆகிறதே, அதே மாதிரி. ஆக, சித்தாள் என்றால் சின்ன ஆள். இருபது வருடம் வேலை பார்த்தாலும் பெயர் அதுதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. கூலியே அந்தப் பெயரை வைத்துத்தான். கொத்தனார் கூலியில் கிட்டத்தட்ட பாதி, இல்லையென்றால் அதற்குக் கொஞ்சம் மேலே சித்தாளுக்குக் கிடைக்கும். 1976-ன் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. சைட்டில் அது செல்லுபடியாகாமல் போனதற்குக் காரணம் எளிது: ஆணின் வேலைக்கு ஒரு பெயர், பெண்ணின் வேலைக்கு இன்னொரு பெயர். வேலையே வேறு என்று சொல்லிவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

கிண்டியில் திறந்த முதல் கதவு

பெண்கள் இந்தத் துறைக்குள் படித்துவிட்டு நுழைந்த கதை, நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில்தான் ஆரம்பிக்கிறது. அ.லலிதாவுக்கு 15 வயதில் திருமணம். கைக்குழந்தையோடு இருந்தபோதே கணவரை இழந்தார். அப்பா பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். அவர் முயற்சி எடுக்க, கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.சாக்கோ ஆதரவளிக்க, 1940-களின் தொடக்கத்தில் லலிதா மின் பொறியியல் படித்து முடித்தார். பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின் கடத்துப் பாதைப் பணிகளில் அவருடைய பங்கு உண்டு.

லலிதாவைத் தொடர்ந்து அதே கல்லூரியில் சிவில் படிக்க வந்த இருவர், பி.கே.திரேசியா, லீலம்மா ஜார்ஜ். கட்டுமானத்தைப் பொறுத்தவரை முக்கியமானவர் திரேசியா. அன்றைய கொச்சி சமஸ்தானத்தின் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1979-ல் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். ரப்பர் கலந்த தார்ச்சாலையைப் பரிசோதித்துப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

பட்டச் சான்றிதழ் பற்றிய ஒரு தகவல் இன்றும் சொல்லப்படுகிறது. அச்சடித்த தாளில் 'அவன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்தான் இருந்ததாம். அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கட்டடக் கலையில் சென்னையின் பெயர் ஷீலா ஸ்ரீபிரகாஷ். அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1979-ல் 'ஷில்பா ஆர்க்கிடெக்ட்ஸ்' நிறுவனத்தை இங்கேயே தொடங்கினார். இந்தியாவில் தானே நிறுவனம் தொடங்கி நடத்திய முதல் பெண் கட்டடக் கலைஞராகக் குறிப்பிடப்படுபவர். அவருக்கு முன்பே இலங்கையில் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா இருந்தார். 1948-ல் பிரிட்டனின் கட்டடக் கலைஞர் சங்கமான ரிபாவில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். இன்றைக்கு ஆர்க்கிடெக்சர் வகுப்புகளில் பெண்கள் நிறைய பேர். அந்தக் கதவு திறந்துவிட்டது என்றே சொல்லலாம்.

சைட்டில் குழந்தையை எங்கே விடுவது?

படித்தவர்களின் கதவு திறந்த அதே காலத்தில், கீழே இன்னொரு பிரச்னை. 1969-ல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக டெல்லி ராஜ்காட் பக்கம் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகள் மண்ணிலும் கல்லிலும் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன், அங்கேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகள் காப்பகம் ஆரம்பித்தார். அதுதான் 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பு. வேலை முடிந்து சைட் மாறும்போது காப்பகமும் கூடவே மாறும் என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம்.

1996-ல் வந்த மத்தியக் கட்டடத் தொழிலாளர் சட்டம், 50-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. நல்ல விதிதான். ஆனா திருநீர்மலையில் அரை கிரவுண்டில் வீடு கட்டும் இடத்தில் 50 பெண்கள் எங்கே வரப்போகிறார்கள்? இரண்டு பேர் வருவார்கள். குழந்தை மணல் குவியல் பக்கத்தில் சேலைத் தூளியில்தான் தூங்கும்.

நல வாரியம் வானத்திலிருந்து விழவில்லை

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் என்ற பெயர் தெரியாத தொழிலாளர் குறைவு. பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, மகப்பேறுக்கு, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியத்துக்கு என உதவித்தொகைகள் வருவது அதன் வழியாகத்தான். இது யாரோ பார்த்துக் கொடுத்த சலுகை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உண்மையில் தெருவில் நின்று வாங்கியது.

கட்டடத் தொழிலாளிக்கு நிரந்தர முதலாளி கிடையாது. இந்த மாதம் ஒரு மேஸ்திரி, அடுத்த மாதம் வேறொருவர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் ஒரே முதலாளியை வைத்து எழுதப்பட்டவை, இவர்களுக்குப் பொருந்தாது. அப்போ யாரிடம் கேட்பது? கட்டடத்தின் மதிப்பிலிருந்தே ஒரு பங்கை எடுத்துப் பொதுவான நிதியில் போடுங்கள். அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் உட்காரும் வாரியம் அதை நடத்தட்டும் என்பதுதான் சங்கங்கள் கண்டுபிடித்த வழி.

இந்தக் கோரிக்கையைத் தமிழ்நாட்டில் கட்டிக்கொண்டுபோனவர்களில் முக்கியமான பெண், ஆர்.கீதா. நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத்து சங்கம், அமைப்புசாரா தொழிலாளர் கூட்டமைப்பு ஆகியவற்றின் வழியாகப் பல பத்தாண்டுகளாகச் சித்தாள்களையும் கொத்தனார்களையும் திரட்டிவருபவர். போராட்டங்களின் விளைவாக 1982-ல் தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. சட்டம் வந்தபிறகும் வாரியம் வர 1994 ஆனது. பன்னிரண்டு வருடம்!

இதற்கிடையே 1985-ல் தேசிய அளவில் கட்டடத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் கேட்டு ஒரு பிரசாரக் குழு உருவானது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதற்குத் தலைமை. தமிழ்நாட்டுச் சங்கங்கள் அதில் முன்வரிசை. அந்த அழுத்தத்தில்தான் 1996-ன் மத்தியச் சட்டமும், கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம்வரை தீர்வை வசூலிக்கும் சட்டமும் வந்தன.

ஒரு விஷயம் இங்கே கவனிக்க வேண்டும். 1982 சட்டத்தின் பெயரிலேயே 'வேலைவாய்ப்பை முறைப்படுத்துதல்' இருக்கிறது. அதாவது யாருக்கு வேலை, எத்தனை நாள், என்ன கூலி என்பதையும் வாரியம் பார்க்க வேண்டும். நடைமுறையில் வாரியம் உதவித்தொகை தரும் இடமாக மட்டுமே நின்றுவிட்டது. சித்தாளுக்குப் பிரசவ உதவி கிடைத்தது. அவர் ஏன் இன்னும் சித்தாளாகவே இருக்கிறார் என்று கேட்கும் மேசை அங்கே போடப்படவில்லை.

வாஷிங் மெஷின் வாங்கிய கதை

வசூலான பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? அதே பிரசாரக் குழு தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 19-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுக்க ரூ.37,400 கோடிக்கு மேல் வசூல், செலவானது சுமார் ரூ.9,500 கோடி மட்டும் என்ற கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. தொழிலாளர் பெயரில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கப்பட்டதை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கலவை சுமந்து வீட்டுக்கு வருகிறவருக்கு வாஷிங் மெஷின் உதவும்தான். ஆனா அதுக்கு முதல்ல வீட்டில் தண்ணி வரணும்.

பதிவு ஏன் முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசாவிலிருந்து குடும்பமாக வேலைக்கு வந்தவர்களும் பெண்களும் அதில் இருந்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால், உயிர் போனபிறகு உள்ளே யார் இருந்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

சரி, கரணை ஏன் கைக்கு வரவில்லை?

கொத்தனார் வேலையை யாரும் பள்ளிக்கூடத்தில் கற்பதில்லை. பெரியாளாக வருகிற பையன் சாப்பாட்டு நேரத்தில் கரணையை எடுத்து மறைவான ஒரு மூலையில் பூசிப் பார்ப்பான். மேஸ்திரி மாமாவோ சித்தப்பாவோ, இல்லை ஊர்க்காரராகவோ இருப்பார். திட்டிக்கொண்டே தூக்குக்குண்டு பிடிக்கச் சொல்லித்தருவார். இரண்டு மூன்று வருடத்தில் அவன் கொத்தனார்.

சித்தாளுக்கு அந்தச் சாப்பாட்டு நேரமே கிடையாது. குழந்தையைப் பார்க்கணும், கொத்தனார்களுக்கு டீ வாங்கி வரணும், மதியம் கலவைக்குத் தண்ணீர் ரெடி பண்ணணும். பல இடங்களில் கணவர் கொத்தனார், மனைவி அவருக்கே சித்தாள். மனைவி கரணை பிடித்தால் கலவையை யார் தூக்குவது? போதாக்குறைக்கு, பொம்பளை பூசின சுவரை வீட்டுக்காரர் ஏத்துக்க மாட்டார் என்ற பேச்சு வேறு.

முடியாத காரியமா என்றால், இல்லை. இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு 2003-ல் அகமதாபாத்தில் 'கார்மிகா' என்ற கட்டுமானப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, தலைச்சுமைப் பெண்களுக்குக் கொத்து வேலை, டைல்ஸ், பெயின்டிங் கற்றுக்கொடுத்தது. கேரளத்தில் கோட்டயம் பக்கம் திரேசியம்மா மேத்யூவின் அர்ச்சனா பெண்கள் மையம் பெண்களைக் கொத்தனார்களாகவும் தச்சர்களாகவும் ஆக்கியது. ஜார்க்கண்டில் கழிவறை கட்டும் திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்களுக்கு 'ராணி மிஸ்திரி' என்றே பெயர் வந்துவிட்டது. சின்ன ஆள் என்ற பெயரோடு ஒப்பிட்டால் எவ்வளவு தூரம்!

தமிழ்நாட்டில் வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குத் திறன் பயிற்சிகள் நடக்கின்றன. ஆனால் சான்றிதழோடு திரும்பும் பெண்ணை அடுத்த நாள் எந்த மேஸ்திரி கொத்தனார் கூலிக்குக் கூப்பிடுவார் என்பதில்தான் விஷயம் முட்டிக்கொண்டு நிற்கிறது.

நேரமும் அதிகமில்லை. முன்பு ரூஃப் போடும் நாளென்றால் இருபது முப்பது பேர் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுவார்கள்; பாதிக்கு மேல் பெண்கள். இப்போது ரெடிமிக்ஸ் லாரி தெருமுனையில் நிற்கிறது, பம்ப் குழாய் மாடிக்குப் போகிறது. சுமக்கும் வேலைதான் முதலில் போகிறது. சுமப்பது மட்டுமே தெரிந்தவர்களும் கூடவே போகிறார்கள்.

புதிய தொகுப்புச் சட்டங்களில் என்ன மாற்றம்?

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. கட்டடத் தொழிலாளர் சட்டமும் தீர்வைச் சட்டமும் இவற்றுக்குள் அடக்கம். காப்பக விதியில் '50-க்கும் மேற்பட்ட பெண்கள்' என்பது '50-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள்' என்று மாறியிருக்கிறது. இது முன்னேற்றம். குழந்தை அம்மாவின் பொறுப்பு மட்டும்தான் என்ற நினைப்பு சட்டத்திலிருந்தாவது போகிறது.

இன்னொரு மாற்றம் நம் புறநகருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டின் செலவு ரூ.10 லட்சத்துக்குள் இருந்தால் பழைய சட்டத்தில் விலக்கு. புதிய தொகுப்பில் அந்த வரம்பு ரூ.50 லட்சம். திருநீர்மலை, பொழிச்சலூர் தெருக்களில் எழும்பும் தனி வீடுகளில் கணிசமானவை இந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரும். அவற்றிலிருந்து தீர்வை வராது. அப்படிப்பட்ட வீடுகளை நம்பியே வருடம் முழுக்க வேலை பார்க்கும் சித்தாளின் வேலைநாள் கணக்கு என்னவாகும் என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டின் 1982 சட்டமும் அதன் வாரியங்களும் அப்படியே தொடர வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்பது இதனால்தான்.

பிளான் அப்ரூவல் தரும் இடம், திருநீர்மலையைப் பொறுத்தவரை, தாம்பரம் மாநகராட்சி. ஐந்து நகராட்சிகளையும் திருநீர்மலை உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் உருவானது. 2022-ல் தேர்வான அதன் முதல் மேயர் வசந்தகுமாரி கமலக்கண்ணன், அப்போது இருபதுகளில் இருந்த ஒரு பட்டதாரிப் பெண்.

யார் பதிவு செய்யலாம்?

18 முதல் 60 வயதுக்குட்பட்ட கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன், சித்தாள் எல்லோரும் இதில் அடக்கம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பணிச் சான்று கையில் இருக்கட்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அருகிலுள்ள இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் புதுப்பிக்கும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அட்டை காலாவதியானால் உதவித்தொகை விண்ணப்பம் நின்றுவிடும். விண்ணப்பத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் வரும். பூச்சு வேலை, டைல்ஸ் வேலை தெரிந்த பெண்கள் அதில் சித்தாள் என்று எழுதாமல், தெரிந்த வேலையின் பெயரையே எழுதலாம்.