தனுஷ்கோடி

தனுஷ்கோடி, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்துள்ள ஒரு மீனவச் சிற்றூர் ஆகும். இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த துறைமுகமாகவும் இரயில் முனையமாகவும் 1914 முதல் விளங்கிய இவ்வூர், 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. அதன்பின் மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அரசு இதனை அறிவித்தது. எனினும் மீனவக் குடும்பங்கள் இங்கு தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன.

பெயர்க்காரணம்

தனுசு என்பது வில்லையும் கோடி என்பது முனையையும் குறிக்கும். இலங்கைப் போர் முடிந்தபின் விபீடணனின் வேண்டுகோளுக்கு இணங்க இராமன் தன் வில்லின் நுனியால் அணையை உடைத்த இடம் இது என்பது மரபு. காசி யாத்திரை செய்வோர் இங்கு நீராடி மணல் எடுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. இக்கரையை ஆண்ட இராமநாதபுரம் மன்னர்கள் சேதுவின் காவலர் என்னும் பொருளில் சேதுபதி எனப்பட்டனர்.

புவியியல்

இராமேசுவரம் நகரிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ள தனுஷ்கோடி, குறுகலான, தாழ்ந்த மணல் நாக்கின் மீது அமைந்துள்ளது. வடக்கே பாக்கு நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. பொதுவாக அமைதியாக இருக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் இப்பகுதி மீனவர் அழைப்பர். இரு கடல்களும் கூடும் நிலமுனை அரிச்சல்முனை எனப்படுகிறது. அங்கிருந்து சேது அல்லது ஆதாம் பாலம் எனப்படும் மணல் திட்டுகள் மன்னார்த் தீவை நோக்கித் தொடர்கின்றன.

இரயிலும் கப்பலும்

1914 ஆம் ஆண்டுக்கு முன்னர் சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை இரயிலிலும் அங்கிருந்து கப்பலிலும் பயணம் செய்தனர். அவ்வாண்டு பெப்ரவரி 24 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் இயங்கின. கடற்பயணம் சுமார் 35 கி.மீ. ஆகக் குறைந்தது. சென்னை எழும்பூரிலிருந்து இக்கப்பலுக்கு இணைப்பாக ஓடிய இரயில் போட் மெயில் என அழைக்கப்பட்டது. ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்தது.

அக்காலத்தில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி செல்வதே முதன்மைப் பாதை. இராமேசுவரம் கிளைப்பாதையில் இருந்தது. சுங்க அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம், இரயில்வே குடியிருப்புகள் ஆகியவை இங்கு எழுந்தன. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களும் மண்டபம் முகாமில் சோதிக்கப்பட்டபின் இவ்வழியே கடல் கடந்தனர்.

1964 புயல்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் கடும் புயல் இப்பகுதியைத் தாக்கியது. தாழ்ந்த மணல் நிலமாதலால் கடல் ஊரின் மீதே ஏறிக் கடந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில் அலைகளில் சிக்கியதில், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாம்பன் பாலமும் பெரும் சேதமடைந்தது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. ஆனால் தனுஷ்கோடிப் பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. இராமேசுவரமே இரயில் முனையமானது.

தலைமன்னாருக்கான கப்பலும் இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. புயலுக்கு இரு மாதங்கள் முன்னர், 1964 அக்டோபர் 30 இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி இந்தியா திரும்பிய மலையகத் தமிழர் பலர், தம் முன்னோர் கப்பலேறிய தனுஷ்கோடி இல்லாமற் போனதால், இராமேசுவரத்தில் வந்திறங்கினர். இலங்கையில் மூண்ட இனப்போரினால் 1980களில் அக்கப்பல் போக்குவரத்தும் நின்றது.

மக்களும் குடிநீரும்

கம்பிப்பாடு, முகுந்தராயர் சத்திரம் ஆகிய இடங்களை உள்ளடக்கிய இப்பகுதியில் மீனவர்கள் குடிசைகளில் வாழ்கின்றனர். கரைவலை இழுத்தல் இங்குள்ள பழைய மீன்பிடி முறையாகும்.

கடல் சூழ்ந்த இடத்தில் இவர்கள் வாழ்வதற்கு அடிப்படையாக இருப்பது மணலுக்கடியில் கிடைக்கும் நன்னீர் ஆகும். மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரை விட அடர்த்தி குறைந்ததாதலால் அதன் மேல் மிதந்து தங்குகிறது. சில அடி ஆழமே தோண்டிய ஊற்றுகளில் இந்நீர் சுரக்கும். ஆழமாகத் தோண்டினாலோ மிகுதியாக இறைத்தாலோ உவர்நீர் மேலேறிவிடும். எனவே இங்கு எத்தனை பேர் வாழ இயலும் என்பதை இம்மெல்லிய நீரடுக்கும் தீர்மானிக்கிறது.

தற்போதைய நிலை

புயலுக்குப் பின்னர் அரை நூற்றாண்டு காலம் மக்கள் மணல் வழியே நடந்தோ வாகனங்களிலோ சென்றுவந்தனர். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. நீளமுள்ள சாலை 2017 சூலை 27 இல் திறந்துவைக்கப்பட்டது. இதனால் மீனை விரைவில் சந்தைக்குக் கொண்டுசெல்ல முடிகிறது. சுற்றுலாப் பயணிகளின் வருகையும் பெருகியுள்ளது. பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்ட தேவாலயத்தின் சுவர்களும் இரயில் நிலையத்தின் எச்சங்களும் இன்றும் காணப்படுகின்றன. வழியிலுள்ள கோதண்டராமர் கோயில் புயலுக்குத் தப்பி நிலைத்தது. அரிச்சல்முனையில் நீரோட்டம் வலிமையானதாதலால் நீராடுவது ஆபத்தானது.

குளிர்காலத்தில் பூநாரைகள் இங்கு வருகின்றன. 2025 சூன் மாதத்தில் இப்பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இராமேசுவரம்–தனுஷ்கோடி இரயில் பாதைக்கு 2019 மார்ச் 1 இல் அடிக்கல் நாட்டப்பட்டபோதிலும் பாதை அமைக்கப்படவில்லை.