ரூப்குண்டம்: ஒரு பழங்கதையும் மலைநடையின் நெறிகளும்

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், திரிசூல் சிகரத்தை ஒட்டிய சரிவில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள சிறு பனி ஏரி ரூப்குண்டம். 1942இல் அங்குச் சென்ற வனச்சரகர் ஒருவர் கரையெங்கும் மனித எலும்புகள் சிதறிக் கிடக்கக் கண்டார். அவை போர்க்காலத்தில் ஊடுருவிய ஜப்பானியப் படையினருடையவையோ என்ற ஐயம் எழுந்தது. ஆனால் எலும்புகளோ மிகப் பழமையானவை.

மலைமக்களின் வழக்காற்றில் இதற்கு முன்பே ஒரு விடை இருந்தது. கன்னோசி அரசன் ஒருவன் கருவுற்ற அரசியோடும் ஆடல்மகளிரோடும் நந்தாதேவி யாத்திரை வந்தான். யாத்திரை நெறியை மீறினான். சினந்த தேவி இரும்பெனக் கனத்த ஆலங்கட்டிகளைப் பொழிந்தாள் என்பது கதை. ஏரிக்குச் செல்லும் வழியிலுள்ள ‘பாதர் நச்சௌனி’ என்ற இடப்பெயர், ஆடல்மகளிர் ஆடிய இடம் என்ற பொருளில் அக்கதையை இன்றும் சுமந்து நிற்கிறது.

சில மண்டையோடுகளில், மேலிருந்து விழுந்த உருண்டையான பொருளால் நேர்ந்த, ஆறாத முறிவுகள் காணப்பட்டன. ஆலங்கட்டிக் கருத்து இதனால் வலுப்பெற்றது. எனினும் 2019இல் வெளியான மரபணு ஆய்வு கதையை விரிவாக்கியது. ஆராயப்பட்ட 38 பேரில் 23 பேர் தெற்காசியர், கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, வெவ்வேறு காலங்களில் இறந்தவர்கள்; ஒரே மரபினரும் அல்லர். 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி மரபினர், கி.பி. 1800ஐ ஒட்டி இறந்தவர்கள். எஞ்சிய ஒருவர் தென்கிழக்காசியர். ஆகவே ஒரு புயல் மட்டும் இத்தனை இறப்புகளுக்கும் காரணமாக இயலாது. ஓரிடமே நூற்றாண்டுகள் தோறும் உயிர் கொண்டிருக்கிறது.

பழங்கதையை வெறும் தெய்வக்கதை என ஒதுக்குவோர் அதன் உட்பொருளைத் தவறவிடுகின்றனர். கதையில் மடிபவன் சமவெளியிலிருந்து வந்தவன். மலையின் நெறியை மதியாதவன். ஒதுங்க மரமோ குகையோ இல்லாத அச்சரிவில் ஆலங்கட்டி மழை வந்தால் தப்ப வழியில்லை என்பதே அக்கதை சொல்லும் எச்சரிக்கை.

இன்றைய மலைமருத்துவமும் நெறிகளையே வலியுறுத்துகிறது. 3,000 மீட்டருக்கு மேல், இரவில் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுதல். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு. தலைவலியோடு தள்ளாட்டமோ, ஓய்விலும் மூச்சுத்திணறலோ தோன்றினால் இரவென்றும் பாராது கீழிறங்குதல். பிற்பகலில் முகில் திரளுமுன் திறந்த சரிவைக் கடந்துவிடுதல் மலைவாழ்நரின் பட்டறிவு.

இவற்றுள் கடினமானது திரும்பிவருதல். விடுப்பும் பணமும் செலவிட்டு வந்தவருக்கு, வானம் பார்த்து ‘இன்று வேண்டாம்’ எனும் உள்ளூர் வழிகாட்டியின் சொல் இடையூறாகத் தோன்றலாம். அச்சொல்லுக்குப் பின்னே பல நூற்றாண்டு இழப்பின் நினைவு உள்ளது. ஏரிக்கரை எலும்புகள் அதற்குச் சான்று.