கடலைக்கு விதித்த மூன்றாண்டு விலக்கு

குழந்தைக்கு 3 வயது நிறையும்வரை வேர்க்கடலை தரக் கூடாது என்பது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் செல்வாக்கோடு இருந்த மருத்துவ அறிவுரை. 1998இல் பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழு அதைச் சொன்னது. 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அதே வழியில் போனது. ஆஸ்துமா, கரப்பான் போன்ற ஒவ்வாமை நோய்கள் பரம்பரையாக இருக்கும் குடும்பங்களுக்கென்றே எழுதப்பட்ட அறிவுரை அது. அமெரிக்கக் கழகம் பசும்பாலுக்கு 1 வயது, முட்டைக்கு 2, கடலைக்கும் மீனுக்கும் 3 என்று வரம்பும் கட்டியது. எண்கள் துல்லியமாக இருந்தன. அவற்றைத் தாங்கி நிற்கும் சோதனைதான் இல்லை.

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே. குதிரைச் சீரத்தை மருந்தாக ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு, இரண்டாம் முறை போடும்போது தடிப்பும் காய்ச்சலும் விரைந்து வருவதை அவர் கவனித்தார். ஒரு பொருளை ஒருமுறை சந்தித்த உடல், அடுத்த முறை அதனிடம் வேறு விதமாக நடந்துகொள்கிறது; அந்த மாற்றத்துக்கே அவர் பெயர் வைத்தார். தீங்கை மட்டும் குறிக்கும் சொல்லாக அது சுருங்கியது பிற்பாடுதான். முதல் உலகப் போருக்குப் பின் பட்டினியில் வாடிய ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு அமெரிக்க நிவாரண உணவைப் பங்கிடும் பணியை நடத்தியவரும் இதே பிர்க்கேதான். 1 கிராம் பாலின் சத்தை அலகாக வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். ஊட்டமும் ஒவ்வாமையும் ஒரே மேசையில் இருந்த காலம் அது. பிறகு இரண்டும் தனித்தனித் துறைகளாகி, ஒன்று சொல்வது மற்றதன் காதில் விழாத நிலை வந்தது.

விலக்கி வைத்தால் காக்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வு. 1936இல் குருலீ, சான்ஃபோர்டு என்ற இரு மருத்துவர்கள் 20,061 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார்கள். பசும்பால் குடித்த குழந்தைகளிடம் கரப்பான், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களிடம் இருந்ததைப்போல் ஏழு மடங்கு காணப்பட்டது. தாய்ப்பாலின் பெருமையைச் சொன்ன ஆய்வு, அந்நியப் புரதம் எதுவும் குழந்தையின் குடலுக்குச் சீக்கிரம் போகக் கூடாது என்ற பொது விதியாக மெல்ல உருமாறியது. 1980களில் கலிஃபோர்னியாவில் இந்த விதியை முறையாகச் சோதித்தார்கள். தாய்மாரும் குழந்தைகளும் பால், முட்டை, கடலை ஆகியவற்றைத் தவிர்த்தார்கள். முதல் ஓராண்டில் பலன் தெரிந்தது. ஆனால் 1995இல், அக்குழந்தைகளின் 7 வயதுக் கணக்கு வெளியானபோது இரு பிரிவுகளுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அந்த முடிவைக் கண்ட பிறகும் ஐந்தே ஆண்டுகளில் விலக்கு அறிவுரை வந்தது என்பதுதான் வியப்பு.

இதே வேர்க்கடலைக்கு வேறு இடங்களில் வேறு மரியாதை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், கடலைப் பிண்ணாக்கு மாவையும் கடலைப்பருப்பு மாவையும் கலந்து, புரதம் போதாத குழந்தைகளுக்கென ஒரு சத்துமாவை உருவாக்கியது. 1990களின் பிற்பாதியில் பிரான்சில் ஆந்த்ரே பிரியான், மிஷெல் லெஸ்கான் இருவரும் கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துகள் சேர்த்து ‘பிளம்பிநட்’ செய்தார்கள். தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். பொட்டலத்தைப் பிய்த்து அப்படியே பிள்ளை வாயில் பிழியலாம். 2005இல் நைஜர் நாட்டுப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக இருந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அதனால் தேறினார்கள். லண்டனில் விலக்கப்பட்ட பொருள் நைஜரில் உயிர் காத்தது. இந்த முரணைப் பார்த்தாவது யாரேனும் கேள்வி எழுப்பியிருக்கலாம். கேள்வி வந்ததோ வேறொரு திசையிலிருந்து.

2000களின் தொடக்கத்தில், லண்டனில் பணிபுரிந்த குழந்தை ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லேக் டெல் அவீவில் உரையாற்றினார். அவையில் சுமார் 200 மருத்துவர்கள். கடந்த ஓராண்டில் கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்கியவர்கள் இரண்டு மூன்று பேர். லண்டனில் கேட்டிருந்தால் ஏறக்குறைய எல்லோரும் தூக்கியிருப்பார்கள். காரணம் வீடுகளில் இருந்தது. இஸ்ரேலில் 1960கள் முதல் விற்பனையாகும் ‘பம்பா’ என்ற தின்பண்டம், சோளப் பொரியில் கடலை விழுது பூசியது. பாதிக்குப் பாதி கடலை. பல் முளைக்காத குழந்தையின் வாயிலும் கரைந்துவிடும். 2008இல் லேக்கின் குழு இரு நாட்டு யூதப் பள்ளிக் குழந்தைகளை ஒப்பிட்டது: பிரிட்டனில் கடலை ஒவ்வாமை 1.85 விழுக்காடு, இஸ்ரேலில் 0.17. ஒரே மரபுவழியினர் என்பதால், பரம்பரையை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க இடமில்லாமல் போயிற்று. அதே ஆண்டு அமெரிக்கக் கழகம் தன் விலக்கைத் திரும்பப் பெற்றது. மறு ஆண்டு பிரிட்டனும்.

சாப்பிடாத குழந்தைக்கு ஒவ்வாமை எப்படி வந்தது? விடை தோலில் இருந்தது. பிரிஸ்டல் நகர வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வின் தரவுகளை லேக் 2003இல் அலசியபோது, கரப்பானுக்குப் பூசிய களிம்புகளில் கடலெண்ணெய் இருந்ததற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு தெரிந்தது. வெடித்த தோல் வழியே நுழையும் கடலைப் புரதத்தை உடல் பகையாகப் பதிவு செய்கிறது. வாய் வழியே வருவதை உணவாகப் பழகிக்கொள்கிறது என்பது அவருடைய கருத்து. வாயை அடைத்துவிட்டுத் தோலைத் திறந்து வைத்ததுதான் விலக்கு செய்த வேலை. தோலுக்குக் காப்பாக இருக்கும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுப் பழுதுக்கும் கரப்பானுக்கும் உள்ள உறவு 2006இல் டண்டீயில் நிறுவப்பட்டபோது இக்கருத்து மேலும் வலுத்தது.

ஒப்பீடு மட்டும் போதாது என்பதால் 2006இல் ‘லீப்’ என்ற சோதனை லண்டனில் தொடங்கியது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாத வயதுள்ள 640 குழந்தைகள். தோலில் குத்திப் பார்த்து, ஏற்கெனவே பெரிதாகத் தடித்தவர்களை விலக்கினார்கள். பாதிப் பேர் வாரம் 6 கிராம் கடலைப் புரதமாவது உண்டார்கள், பம்பாவாகவோ கடலை வெண்ணெயாகவோ. மறுபாதி 5 வயதுவரை தொடவே இல்லை. 2015இல் வந்த முடிவு: தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை, உண்டவர்களில் 3.2. ஓராண்டு கடலையை நிறுத்திப் பார்த்தபோதும் பலன் குலையவில்லை. 2024இல், பதின்ம வயதை எட்டிய அதே பிள்ளைகளிடமும் அந்த இடைவெளி நீடித்தது: 15.4 விழுக்காடு, 4.4 விழுக்காடு.

2017இல் அமெரிக்க அறிவுரை தலைகீழானது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்குப் பரிசோதனை செய்துவிட்டு 4 முதல் 6 மாதத்துக்குள், மிதமான கரப்பான் உள்ள குழந்தைக்கு 6 மாத அளவில், மற்றவர்களுக்கு வீட்டு உணவோடு உணவாகக் கடலையைத் தொடங்கலாம். தொண்டையில் சிக்கும் என்பதால் முழுக்கடலை கூடாது. நீர்க்கக் கரைத்த விழுதோ மாவோதான். ஆஸ்திரேலியா 2016இலேயே இப்படி மாறியிருந்தது. மெல்பர்னில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு வயதுக் குழந்தைகளிடம் எடுத்த கணக்கில் கடலை ஒவ்வாமை 3.1 விழுக்காட்டிலிருந்து 2.6 ஆகத்தான் இறங்கியது. பெற்றோர் பெரும்பாலோர் முதல் ஆண்டிலேயே கடலை கொடுக்கத் தொடங்கிய பிறகும் அவ்வளவுதான்.