"அதிசயம்" எங்கட சொல்லா?



போன கிழமை தரம் 10 வகுப்பில் 'ஆயிர மசலா' பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முஸ்லிம்கள் தமிழில் பாடிய நூல்களில் இன்று முழுமையாகக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது அது. வண்ணப் பரிமளப் புலவர் 1572 இல் மதுரையில் அரங்கேற்றினார். அதற்கு 'அதிசய புராணம்' என்றும் பெயர் உண்டு என்றதும் ஒரு மாணவி எழும்பினாள்: "சேர், அதிசயம், புராணம் எல்லாம் எங்கட சொல்லா?"

பிள்ளையில் பிழை இல்லை. இப்படிச் சொற்களை ஒதுக்கிவைக்கும் பேச்சு இப்போது பெரியவர்களிடமும் கேட்கிறது. எனக்கு அது கவலை. மணி அடித்துவிட்டதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

மசலா அரபுச் சொல். கேள்வி என்று பொருள். (கறித்தூள் அல்ல!) மதீனாவில் யூத அறிஞராக இருந்து இஸ்லாத்துக்கு வந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) கேட்பதும், நபி (ஸல்) அவர்கள் விடை சொல்வதுமாகவே நூல் போகிறது. அதிசயம் வடமொழி வழி வந்தது. அளவைக் கடந்தது என்பது அதன் அடிப்பொருள். ஆக, ஒரே நூலுக்கு ஒரு பெயர் கேள்வி, மறு பெயர் வியப்பு.

அரபியில் இந்த வியப்பு 'அஜப்'. குர்ஆனைக் கேட்ட ஜின்கள் அதை வருணித்த சொல்லும் இதுதான். ஸூரத்துல் ஜின் முதல் வசனத்தைப் பாருங்கள். 13 ஆம் நூற்றாண்டில் காழியாக இருந்த அல் கஸ்வீனி, படைப்பின் அதிசயங்கள் பற்றிய தன் நூலின் தொடக்கத்தில் இச்சொல்லை விளக்குகிறார்: ஒன்றின் காரணம் பிடிபடாமல் மனிதன் திகைத்து நிற்பது. உதாரணம் தேன்கூடு. அளவுகோல் இல்லாத தேனீ இத்தனை அறுகோணங்களை எப்படிக் கட்டியது? சின்ன வயதில் எல்லாமே இப்படித்தான் தெரியும், பிறகு பார்த்துப் பார்த்துப் பழகித் திகைப்புப் போய்விடுகிறது என்கிறார். எங்களுக்கு அது மிச்சமிருக்கும் நேரத்தில்தான் "சுப்ஹானல்லாஹ்" தானாக வாயில் வருகிறது.

தொல்காப்பியம் இதே உணர்வை மருட்கை என்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். சிறுமையைக் கவனியுங்கள். அல்குர்ஆனில் தேனீ, எறும்பு, சிலந்தி பெயரில் ஸூராக்கள் இருக்கின்றன.

ஆகவே மகள், எங்கட சொல்தான். 450 வருடமாக.

யாருடைய வீட்டிலாவது ஆயிர மசலாவின் பழைய பிரதி இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.